மாசுப் பதிவேடு பற்றிய தேசிய அறிக்கை: சாதாரண ஆள் எதை எழுத வேண்டும்?

கேள்வி இது: "எங்கள் நாடு, மாசுப் பதிவேடுகளைப் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான கீவ் நெறிமுறையில் சேர்ந்திருக்கிறது. மாசுப் பதிவேட்டை எப்படி நடத்துகிறோம் என்று அரசு ஒரு தேசிய அறிக்கை தயாரித்து, வரைவை வெளியிட்டு, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. நான் வேதியியல் படித்தவன் இல்லை, வக்கீலும் இல்லை. நான் எழுதி என்ன ஆகப்போகிறது? எழுதுவதென்றால் எதை எழுதுவது?"

எழுதுங்கள். ஆனால் கருத்து எழுதாதீர்கள். பதிவேட்டைத் திறந்து ஏதாவது ஒன்றைத் தேடிப் பாருங்கள். என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். "வெளிப்படைத்தன்மை வேண்டும்" என்று பத்துப் பக்கம் எழுதினால் அதிகாரி "நன்றி, கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடலாம். "நீங்கள் இருக்கிறது என்று சொல்லும் தேடல் வசதி வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அப்படித் தாண்டிப் போக முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இதில் இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று பதிவேடு. எந்த ஆலை, எந்தப் பொருளை, எந்த ஆண்டில், எத்தனை கிலோ காற்றிலும் நீரிலும் நிலத்திலும் விட்டது, எவ்வளவு கழிவை வெளியே அனுப்பியது என்ற கணக்கு அது. இன்னொன்று, அந்தப் பதிவேட்டை நெறிமுறை சொன்னபடி நடத்துகிறோமா என்று அரசு தன்னைப் பற்றித் தானே எழுதித் தரும் அறிக்கை. உங்களிடம் கருத்துக் கேட்டிருப்பது இரண்டாவதுக்கு. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவது போன்ற ஏற்பாடு இது. அதனால்தான் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டியிருக்கிறது.

பதிவேடு என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொதுமக்கள் இதில் விருந்தாளிகள் இல்லை என்பது அதில்தான் தெரியும். 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தது. சுற்றி வாழ்ந்தவர்களுக்கு உள்ளே என்ன இருந்தது என்றே தெரியாது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனியா ஆலையிலும் ஒரு கசிவு. 1986-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: ஆலைகள் நச்சுப் பொருள் வெளியேற்றத்தை ஆண்டுதோறும் அரசிடம் சொல்ல வேண்டும், அரசு அதைக் கணினித் தரவுத்தளமாக எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். 1987-ம் ஆண்டுக்கான கணக்கு முதலில் வந்தது. அது வெளிவரும் தறுவாயில், 1988-ல், மொன்சான்டோ நிறுவனம் தான் காற்றில் விடும் நச்சுப் பொருள்களை 1992 முடிவதற்குள் 90 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. குறைக்கச் சொல்லி அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. சொந்த எண்ணை ஊர் முழுக்கப் படிக்கப்போகிறது என்ற நினைப்பே அந்த வேலையைச் செய்தது.

1992 ரியோ மாநாடு, 1996-ல் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் பரிந்துரை, சுற்றுச்சூழல் தகவலுக்கான மக்களின் உரிமை பற்றி 1998-ல் டென்மார்க்கில் கையெழுத்தான ஆர்ஹஸ் உடன்படிக்கை என்று இந்த யோசனை நகர்ந்தது. கடைசியில் 2003 மே 21 அன்று கீவ் நகரில் தனி நெறிமுறையாக ஏற்கப்பட்டது. 2009 அக்டோபர் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் குடையின் கீழ் வந்தாலும் ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் இதில் சேரலாம். ஆர்ஹஸ் உடன்படிக்கையில் இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. 86 பொருள்கள் இதன் பட்டியலில் இருக்கின்றன.

சரி, பொதுமக்கள் எங்கே வருகிறார்கள்? நெறிமுறையின் 13-வது பிரிவு, பதிவேட்டை உருவாக்கும்போதும் கணிசமாக மாற்றும்போதும் மக்கள் பங்கேற்க வாய்ப்பு தரச் சொல்கிறது. முன்மொழிவை இலவசமாகப் பார்க்க முடிய வேண்டும், கருத்தும் தகவலும் ஆய்வும் அனுப்ப முடிய வேண்டும், அதை அதிகாரிகள் உரிய வகையில் கருத்தில் கொள்ள வேண்டும், முடிவு எடுத்த பிறகு காரணங்களோடு வெளியிட வேண்டும். இது பதிவேட்டைப் பற்றிய விதி.

தேசிய அறிக்கையில் மக்கள் பங்கேற்பது வேறு வாசல் வழியாக வந்தது. 2010-ல் ஜெனீவாவில் நடந்த தரப்பு நாடுகளின், அதாவது நெறிமுறையில் சேர்ந்த நாடுகளின், முதல் கூட்டம், ஒவ்வொரு நாடும் கூட்டத்துக்குக் கூட்டம் அறிக்கை தர வேண்டும் என்று முடிவெடுத்தது. அதை மக்களைக் கலந்து, வெளிப்படையாகத் தயாரிக்கவும் சொன்னது. அதற்கென்று ஒரு கேள்வித்தாள் வடிவமும் உண்டு. பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் அதன் முதல் பெட்டி. இந்த அறிக்கை எப்படித் தயாரானது, எந்தெந்த அரசு அமைப்புகள் பங்கேற்றன, மக்களை எப்படிக் கலந்தீர்கள், அவர்கள் சொன்னதை என்ன செய்தீர்கள் என்று அது கேட்கிறது. நாடு இதற்கு எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இந்தப் பெட்டியில் வழக்கமாக வரும் வாக்கியம் ஒன்று உண்டு: "வரைவு அமைச்சகத்தின் இணையதளத்தில் வெளியிடப்பட்டது. கருத்துகள் எதுவும் வரவில்லை." இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு, பூட்டிய கடைக்கு முன்னால் "வாடிக்கையாளர் யாரும் வரவில்லை" என்று பலகை மாட்டியதுபோல் இருக்கும். வரைவு எத்தனை நாள் இருந்தது, எந்த மூலையில் இருந்தது, யாருக்குச் சொன்னார்கள் என்பது அதில் இருக்காது. நீங்கள் ஒரே ஒரு பக்கம் அனுப்பினாலும் இந்த வாக்கியத்தை எழுத முடியாமல் போய்விடும். முதல் லாபம் அது.

இப்போது எதைத் தேடுவது என்று பார்ப்போம். உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆலையையோ, கவலை தரும் ஒரு பொருளையோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதரசத்தை எடுப்போம். நெறிமுறைப்படி காற்றில் ஆண்டுக்கு 10 கிலோவுக்கு மேல், நீரில் 1 கிலோவுக்கு மேல் போனால் ஆலை அறிவிக்க வேண்டும். கற்பனையாக ஓர் அனல் மின் நிலையம்: முதல் ஆண்டு 14 கிலோ, அடுத்து 12, அடுத்து 10.4, அதற்கடுத்த இரண்டு ஆண்டு வெற்றிடம், ஆறாவது ஆண்டு 11. அந்த வெற்றிடத்துக்கு என்ன அர்த்தம்? பூஜ்யமாக இருக்கலாம், 9.9 கிலோவாகவும் இருக்கலாம். அறிவிக்க மறந்துபோயும் இருக்கலாம். நாட்டு மொத்தத்தைக் கூட்டினால் பாதரசம் அந்த இரண்டு ஆண்டும் "குறைந்திருக்கும்". வரைவு அறிக்கையும் அதைச் சாதனையாகச் சொல்லியிருக்கும். வெற்றிடம் என்றால் என்ன என்று பதிவேட்டுப் பக்கத்தில் ஒரு வரி விளக்கமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதுவதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. இதற்கு வேதியியல் எதுவும் வேண்டாம்.

இன்னொரு உதாரணம் எனக்குப் பிடித்தமானது. நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றில் ஆண்டுக்கு 1 லட்சம் கிலோவைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். ஓர் ஆலைக்கு ஒரு வருடம் 1,20,000 என்று இருக்கிறது. மறுவருடம் வெறும் 120. ஆஹா, ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்களே என்று மகிழ வேண்டாம். உண்மையில் 120 கிலோவாக இருந்தால் அதை அறிவிக்கவே தேவையில்லையே! யாரோ டன் கணக்கைக் கிலோ கட்டத்தில் போட்டுவிட்டார்கள் என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 10-வது பிரிவு தரவின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பை அரசிடம் கொடுத்திருக்கிறது. "தரச் சோதனை முழுமையாக நடக்கிறது" என்று வரைவு சொல்லும்போது இந்த ஒரு 120 போதும், அந்த "முழுமையாக" என்ற சொல்லை எடுக்க வைக்க.

எண்ணுக்குப் பக்கத்தில் அது எப்படிக் கிடைத்தது என்றும் இருக்க வேண்டும்: அளந்ததா, கணக்கிட்டதா, மதிப்பிட்டதா. நான்கு ஆண்டும் கடைசி இலக்கம் வரை ஒரே எண் வந்து, பக்கத்தில் "அளந்தது" என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். எந்தப் புகைபோக்கியும் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. வரைபடத்தில் ஆலை எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப்போய் ஆலை கடலுக்குள் நிற்பது இந்த மாதிரிப் பதிவேடுகளில் வழக்கமான பிழை. ஆலை கைமாறியதும் பெயர் மாறி, பழைய கணக்கு ஒரு பெயரிலும் புதியது வேறு பெயரிலுமாகப் பிரிந்து கிடப்பதும் உண்டு. முந்தைய பத்து அறிக்கை ஆண்டுகளின் தரவு கிடைக்க வேண்டும் என்கிறது 5-வது பிரிவு. பெயர் மாறியதால் வரலாறு அறுந்துபோனால், பத்து ஆண்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தேடும் வசதியை நெறிமுறை கணிசமாக வரையறுத்திருக்கிறது. ஆலையின் பெயரும் இடமும், செய்யும் தொழில், உரிமையாளர் அல்லது நடத்துபவர், பொருள் அல்லது கழிவு, அது காற்றுக்குப் போனதா நீருக்கா நிலத்துக்கா, கழிவு எங்கே அழிக்கவோ மீட்கவோ அனுப்பப்பட்டது என்ற ஒவ்வொன்றை வைத்தும் தேட முடிய வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அரை மணி நேர வேலை. ஆபத்தான கழிவு எல்லை தாண்டிப் போயிருந்தால், அதை வாங்கியவரின் பெயர், முகவரி, கழிவு உண்மையில் போய்ச் சேர்ந்த இடம் எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். ஊருக்குள் விட்ட புகையைப் பற்றிக் கேட்க ஆள் உண்டு. எல்லை தாண்டிப் போன கழிவைப் பற்றிக் கேட்க ஆள் குறைவு.

காலதாமதமும் எளிதாகப் பிடிபடும். அறிக்கை ஆண்டு முடிந்து 15 மாதத்துக்குள் தரவு வெளிவர வேண்டும். முதல் ஆண்டுக்கு மட்டும் இரண்டு வருடம் அவகாசம். 2023-ன் கணக்கு 2025 மார்ச் முடிவதற்குள் வந்திருக்க வேண்டும். வந்ததா?

ரகசியம் என்று மறைத்த தகவலுக்கும் விதி இருக்கிறது. மறைக்கலாம், ஆனால் எந்த வகைத் தகவலை மறைத்தோம், ஏன் என்று பதிவேடு சொல்ல வேண்டும். வெறும் காலிக் கட்டம் போதாது.

இதையெல்லாம் பார்த்த பிறகு கடிதம் எழுதுவது சுலபம். ஒரு மாதிரி தருகிறேன்: "வரைவில் 11-வது பிரிவுக்கான பதிலில், பதிவேடு எல்லாருக்கும் எளிதாகக் கிடைக்கிறது என்று உள்ளது. மார்ச் 3 அன்று பாதரசம், நீர் என்ற இரண்டையும் கொடுத்துத் தேடினேன். முடிவு எதுவும் வரவில்லை. ஆலையின் முழுப் பெயரைக் கொடுத்தால் மட்டும் வருகிறது. திரைப்பிடிப்பு இணைத்திருக்கிறேன். பொருளை வைத்துத் தேட முடிய வேண்டும் என்கிறது 5-வது பிரிவு. வரைவில் உள்ள பதிலைத் திருத்தும்படியும், இந்தக் குறை எப்போது சரியாகும் என்று அறிக்கையிலேயே குறிப்பிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். எந்தப் பதில், நான் என்ன செய்தேன், என்ன ஆனது, எந்தப் பிரிவு, என்ன வேண்டும். கோபம் இருந்தால் அதை வேறு கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆலையின் எண் தவறு என்றால் அதை அறிக்கைக்கான கருத்தாக மட்டும் அனுப்பினால் போதாது. பதிவேட்டை நடத்தும் அதிகாரிக்கும் தனியாக எழுதுங்கள். எண்ணைத் திருத்துவது அவர் வேலை. அறிக்கைக்கு நீங்கள் சொல்ல வேண்டியது, இப்படி ஒரு பிழை இத்தனை மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது என்பதை. இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால் இரண்டு மேசைகளுக்கும் நடுவில் அது காணாமல் போய்விடும்.

எழுதத் தயங்குபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதாவிட்டாலும் கருத்துகள் போகும். தொழில் சங்கங்களுக்கு இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் "பொதுமக்கள்" கணக்கில்தான் வருகிறார்கள். வரம்பை உயர்த்துங்கள், படிவத்தைச் சுருக்குங்கள் என்று நேர்த்தியாகத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். அது அவர்கள் உரிமை, தப்பில்லை. மேசைமேல் அந்தக் கடிதங்கள் மட்டும் இருப்பதுதான் பிரச்சினை. ஆலைக்குள் வேலை செய்பவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. விதிமீறலை அதிகாரிகளிடம் சொன்னதற்காக ஊழியரையோ பொதுமக்களில் ஒருவரையோ ஆலையும் அரசும் தண்டிக்கவோ துன்புறுத்தவோ கூடாது என்பதை உறுதிசெய்யும்படி 3-வது பிரிவு நாடுகளைக் கேட்கிறது. நாடு அதற்கு என்ன செய்திருக்கிறது என்பது அறிக்கையில் வர வேண்டிய பதில். வெறும் சட்ட எண்ணை மட்டும் எழுதியிருந்தால், நடைமுறையில் யார் எங்கே போய்ப் புகார் செய்வது என்று கேளுங்கள்.

"எழுதி என்ன ஆகும்" என்பதற்கு நெறிமுறைக்கு வெளியிலிருந்து இரண்டு சம்பவங்கள். இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை. அந்த நாடு கீவ் நெறிமுறையில் இல்லை, ஆனால் இந்த வகைப் பதிவேட்டில் மூத்த நாடுகளில் ஒன்று. 2005-ல் அங்கே சுற்றுச்சூழல் முகமை, ஆலைகளின் எழுத்து வேலையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, அளவைக் குறிப்பிடத் தேவையில்லாத சிறு படிவத்துக்கான உச்சவரம்பை 500 பவுண்டு எடையிலிருந்து 5,000 பவுண்டாக உயர்த்த முன்மொழிந்தது. ஆண்டுதோறும் கேட்பதை விட்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் யோசனையும் கூடவே வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் கருத்துகள் குவிந்தன, பெரும்பாலும் எதிர்ப்பு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற யோசனை கைவிடப்பட்டது. ஆனால் 2006 டிசம்பரில், வெளியேற்றம் 2,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு, 5,000 வந்தே விட்டது. 2009-ல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்து பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. பாதி வெற்றி உடனே, மீதி இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து.

இரண்டாவதில் இன்னும் பொறுமை தேவைப்பட்டது. அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ மனுப்போடலாம்; 180 நாளில் முகமை பதில் சொல்ல வேண்டும். இயற்கை எரிவாயுத் துறை பதிவேட்டுக்கு வெளியிலேயே இருக்கிறது, உள்ளே கொண்டுவாருங்கள் என்று 2012-ல் சுற்றுச்சூழல் அமைப்புகள் ஒரு மனுக் கொடுத்தன. அத்துறையில் எரிவாயுவைப் பதப்படுத்தும் ஆலைகளை மட்டும் சேர்த்து விதி வந்தது 2021-ல். ஒன்பது ஆண்டு. இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த நினைக்கவில்லை. ஒரு மாதத்தில் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்து எழுதுபவர்கள் இரண்டாவது தடவை எழுதுவதில்லை என்பதால் சொல்கிறேன்.

கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன வழி என்றும் கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், பல் குறைவு. 14-வது பிரிவு நீதிமன்றம் போகும் வழியைத் தருகிறது, ஆனால் தகவல் கேட்ட கோரிக்கையை மறுத்தாலோ கண்டுகொள்ளாமல் விட்டாலோ அரைகுறையாகப் பதில் சொன்னாலோ மட்டும்தான். தேசிய அறிக்கையில் என் கருத்தைச் சேர்க்கவில்லை என்று அந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போட முடியாது. அதனால் சில சமயம் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், கருத்தைத் தகவல் கோரிக்கையாக மாற்றிக் கேட்பது: "இந்த ஆலையின் இந்த ஆண்டுக் கணக்கை அனுப்புங்கள்." இணையத்தில் எளிதாகக் கிடைக்காத தகவலை அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். தராவிட்டால் அப்போது 14-வது பிரிவு உங்கள் பக்கம்.

இன்னொரு வழி நெறிமுறையின் இணக்கக் குழு. பொதுமக்களே நேரடியாக அதற்கு எழுதலாம். அது தண்டம் போடும் நீதிமன்றம் இல்லை. மோதல் இல்லாமல், ஆலோசனை முறையில் நடக்கும் குழு. இருந்தாலும் தன் பெயர் அங்கே பேசப்படுவதை எந்த நாடும் விரும்புவதில்லை. அங்கே போகும்போது உங்கள் ஒரு பக்கக் கடிதமும் திரைப்பிடிப்பும்தான் ஆதாரம். முழக்கத்தை எழுதி அனுப்பியிருந்தால் அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

கருத்துக் கேட்கும் முறையே மோசமாக இருந்தால் அதையும் கருத்தாக எழுதுங்கள். விடுமுறை வாரத்தில் பத்து நாள் அவகாசம், வரைவு ஆங்கிலத்தில் மட்டும், அனுப்ப வேண்டிய முகவரி மூன்றாவது பக்கத்தின் அடிக்குறிப்பில், இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்கிறது. உங்களிடம் காட்டும் வரைவு உங்கள் மொழியிலும் ஐ.நா.வுக்குப் போவது ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ரஷ்ய மொழியிலோ இருந்தால், இரண்டையும் ஒப்பிட யாரையாவது பிடியுங்கள். உள்ளூர் வரைவில் "முயற்சி நடக்கிறது" என்று இருப்பது வெளியே போகும்போது "நடைமுறையில் உள்ளது" என்று மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், அனுப்பியதும் ஒப்புகை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறுதி அறிக்கை வந்ததும் முழுதாகப் படிக்க வேண்டாம். முதல் பெட்டியைப் பாருங்கள், பிறகு நீங்கள் குறிப்பிட்ட அந்த ஒரு பதிலை வரைவோடு வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் சரி. மாறவில்லை என்றால் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தரப்பு நாடுகளின் கூட்டங்கள் 2010, 2014, 2017, 2021 என்று மூன்று நான்கு ஆண்டுக்கு ஒன்றாக நடந்து வந்திருக்கின்றன. அடுத்த வரைவு வரும்போது அதே தேடலை மறுபடி போட்டுப் பார்த்து, பழைய கடிதத்தை முதல் இணைப்பாக வைத்து, "இதைப் போன தடவையே எழுதியிருந்தேன்" என்று தொடங்குங்கள்.